'ராஜி'யும் 338ஆம் பிரிவும்

தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதன் 15ஆம் பிரிவில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தன. இச்சட்டத்தின்கீழ் வரும் குற்றம் எதுவாயினும் பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என்றது முதல் விதி. நீதிமன்றத்தின் அனுமதியோடு அக்குற்றத்தை இரு தரப்பாரும் ராஜி செய்துகொள்ளலாம் என்றது இரண்டாவது விதி. முதல் விதி கொடுத்ததை இரண்டாவது விதி எவ்வளவு எளிதாகத் திரும்ப எடுத்துக்கொண்டது என்பதை உணர, அரசுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

பாகுபாட்டுப் புகார்களை ஆராயும் அலுவலர்களின் வரலாற்றை இந்த ராஜியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். விசாரிப்பதும் இணக்கம் காண்பதும் ஒரே மேசையில் நடைபெறும் வேலைகள் என்றே உலகின் பல நாடுகளில் கருதப்பட்டன. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் உருவாக்கிய சம வேலைவாய்ப்பு ஆணையம் புகாரை விசாரிக்கலாம், முதலாளியை அழைத்துப் பேசலாம். வழக்குத் தொடுக்கும் அதிகாரமோ 1972இல்தான் அதற்குக் கிட்டியது. இந்தியாவின் பாதை வேறு. இங்கே தொடக்கத்தில் முன்வைக்கப்பட்ட கருத்தே இணக்கத்தைச் சாராதது.

அரசியல் நிர்ணய சபையின் பார்வைக்காக 1947இல் அம்பேத்கர் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், சிறுபான்மையினர் விவகாரக் கண்காணிப்பாளர் என்றொரு பதவி முன்மொழியப்பட்டது. அவருடைய தகுதிநிலை தலைமைத் தணிக்கையாளருக்கு இணையாக இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய முறையில் அன்றி அவரை நீக்கலாகாது. பொதுமக்களும் அரசுகளும் சிறுபான்மையினரை எவ்வாறு நடத்துகின்றனர் என்று அவர் ஆண்டுதோறும் அறிக்கை அளிக்க வேண்டும். தணிக்கையாளர் என்ற ஒப்புமை மிகவும் கவனத்துக்குரியது. கணக்கில் குறை கண்ட தணிக்கையாளர், குறை செய்தவரோடு சமாதானம் பேசுவதில்லை. கண்டதை எழுதி, கேட்கவேண்டிய அவையின்முன் வைக்கிறார்.

1950இல் 338ஆம் பிரிவின்கீழ் உருவான பதவியில் இந்தக் கருத்தின் சாயல் இருந்தது, வலிமை குறைந்திருந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கான பாதுகாப்புகள் தொடர்பான அனைத்தையும் புலனாய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவது அந்தத் தனி அலுவலரின் கடமை. முதல் ஆணையராக 1950 நவம்பர் 18 அன்று பொறுப்பேற்ற எல். எம். ஸ்ரீகாந்த், தக்கர் பாபாவின் பீல் சேவா மண்டலில் உழைத்தவர். ஊர் ஊராகச் செல்வதை அலுவலக வேலையாக அல்லாமல் சேவையாகப் பழகியவர். ஆணையரின்கீழ் நாளடைவில் நாடெங்கும் 17 மண்டல அலுவலகங்கள் அமைந்தன. கிணறு திறந்திருக்கிறதா, ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்பட்டனவா, விடுதிப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கண்டு எழுதுவதற்கு ஆள் இருந்த காலம் அது.

அக்காலம் நீடிக்கவில்லை. 1967இல் இம்மண்டல அலுவலகங்கள் ஆணையரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பிற்படுத்தப்பட்டோர் நலத் தலைமை இயக்குநரகத்தின்கீழ் வைக்கப்பட்டன. நலத்திட்டங்களை நடத்தும் துறையிடமே, அத்திட்டங்களின் குறையைக் காணவேண்டியவர்களும் ஒப்படைக்கப்பட்டனர். நிர்வாகச் சீரமைப்பு என்று கோப்பில் எழுதப்பட்ட இம்மாற்றத்தைவிடப் பெரிய பின்னடைவை அப்பதவி சந்தித்ததாகத் தெரியவில்லை. ஆணையர் இருந்தார், அவருக்காக ஊருக்குச் சென்று பார்த்து வருவோர் இல்லை.

ராஜியின் கதை இதே ஆண்டுகளில் வேறொரு திசையில் நகர்ந்தது. தீண்டாமை குறித்து ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர், காட்டுமன்னார்கோவில் பகுதியைச் சேர்ந்த காங்கிரஸ் தலைவர் எல். இளையபெருமாள். 1969இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, சட்டம் இருந்தும் தீண்டாமை எவ்வாறு தொடர்கிறது என்பதை மாநிலம் மாநிலமாக எடுத்துக்காட்டியது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைக்கப்பட்டதை எதிர்த்துக் கூலித் தொழிலாளி ஒருவர் புகார் அளிப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் உறவினரே அவருக்கு வேலை கொடுப்பவர். அவர் வீட்டுக்குப் பாதை செல்வதும் அதே உறவினரின் வயலோரமாகவே. ஊர்ப் பெரியவர்கள் கூடி, "விஷயத்தை இத்தோடு விடு" என்கின்றனர். மறுவாரம் நீதிமன்றத்தில் ராஜி பதிவாகிறது. குவளை மட்டும் அப்படியே இருக்கிறது. தண்டனையும் பெரிதன்று: ஆறு மாதம்வரை சிறை, அல்லது 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1972இல் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. 1976 நவம்பர் 19 முதல் சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. குறைந்தபட்சத் தண்டனையாக ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது. ராஜிக்கு இடமளித்த விதி நீக்கப்பட்டது. சமமற்ற இருவருக்கிடையே நடக்கும் சமரசத்தை அரசு ஏற்காது என்று சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட அரிய தருணங்களுள் இது ஒன்று. இளையபெருமாளின் பெயர் இன்று பாடநூல்களில் பெற்றிருக்கும் இடம் இதற்கு ஈடானதன்று.

குற்றவியல் சட்டத்தில் மூடப்பட்ட கதவு நிர்வாகத்தில் வேறு வழியாகத் திறந்தது. 1978இல் போலா பாஸ்வான் சாஸ்திரி தலைமையில் பல உறுப்பினர் ஆணையம் ஒன்று அரசுத் தீர்மானத்தால் அமைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 65ஆம் அரசமைப்புத் திருத்தம் தேசிய ஆணையத்தை 338ஆம் பிரிவுக்குள்ளேயே கொண்டுவந்து, விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களையும் வழங்கியது. சாட்சியை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கேட்கலாம், பிரமாண வாக்குமூலம் பெறலாம். பல அதிகாரிகளும் புகார்தாரர்களும் இதை நீதிமன்றத்தின் முழு அதிகாரமாகவே புரிந்துகொண்டனர்.

அப்புரிதல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் முறிந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் பதவி உயர்வு தொடர்பாகப் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் சங்கம் ஆணையத்திடம் முறையிட்டிருந்தது. பதவி உயர்வு நடவடிக்கையை நிறுத்திவைக்குமாறு ஆணையம் வங்கிக்குக் கடிதம் எழுதியது. நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் விசாரணை நடைமுறைக்கு மட்டுமே உரியவை, தடையாணை பிறப்பிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்ட வாசகத்தை நேராகப் படித்தால் தீர்ப்பில் பிழை காண்பது கடினம்.

ஆனால் ஆணையத்தின் முதுநிலை விசாரணையாளருடைய அன்றாடப் பணியின் தன்மை இதில் அடங்கியிருக்கிறது. மனு வருகிறது. வன்கொடுமை என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும், பணிப் பிரச்சினை என்றால் நிர்வாகத்திடமும் விளக்கம் கோரப்படுகிறது. பதில் வராவிடில் நினைவூட்டல், அதன்பின் அழைப்பாணை. இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டைப் பிரித்து எந்த இடம் யாருக்குப் போயிற்று என்று பார்ப்பது அவர் வேலை. தவறு கண்டுபிடிக்கப்பட்டபின் அவரால் செய்யக்கூடியது பரிந்துரை. எனவே அவர் பேச வேண்டியிருக்கிறது: அதிகாரியைச் சம்மதிக்க வைக்க, மனுதாரரைப் பொறுத்திருக்கச் சொல்ல. சட்டம் அவரைச் சமரசக்காரர் என்று அழைக்கவில்லை. கையில் ஆணை இல்லாத நிலைமை அவரை அவ்வாறு ஆக்கிவிடுகிறது. 2003ஆம் ஆண்டின் 89ஆம் திருத்தம் ஆணையத்தை இரண்டாகப் பிரித்தபோதும் இந்நிலை மாறவில்லை.

2021 அக்டோபரில் ராஜி மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ராமாவதார் வழக்கில், சொத்துத் தகராறில் எழுந்த ஒரு வன்கொடுமை வழக்கை, இரு தரப்பும் இணங்கியதை ஏற்று நீதிமன்றம் முடித்துவைத்தது. சாதியை முன்னிட்டு நிகழாத, பெரிதும் தனிப்பட்ட தன்மையுள்ள தகராறுகளில் இது இயலும் என்றது. புகார்தாரர் அச்சுறுத்தலின்றித் தாமே முன்வந்து இணங்கினாரா என்று நீதிபதிகள் மிகுந்த விழிப்போடு பார்க்க வேண்டும் என்றும் எச்சரித்தது. அந்தக் கேள்விக்கு விடை காண நீதிபதியின் கையில் பெரும்பாலும் இருப்பது கையெழுத்திட்ட ஒரு பிரமாணப் பத்திரம். கையெழுத்திட்டவர் யாருடைய வயலுக்கு அறுப்புக்குப் போகிறார், எந்தப் பாதை வழியாக வீடு திரும்புகிறார் என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. அதை ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதும் ஆட்களைத்தான் 1967இல் ஆணையரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.