மீன் தொட்டியும் கண் திருஷ்டியும்

மேடவாக்கம் பக்கம் புதிதாக ஃபிளாட்டுக்குக் குடிவருகிறவர்கள் வீட்டில், பால் காய்ச்சிய ஒரு மாதத்துக்குள் கூடத்தில் ஒரு மீன் தொட்டி வந்துவிடுகிறது. குழந்தைக்கு ஆசை, பெரியவர்களுக்கு வாஸ்து. நாலு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், அடியில் கலர் கல், ஓரத்தில் குமிழி விடும் ஆக்சிஜன் மோட்டார். பத்து நாளில் ஒரு மீன் மிதக்கும். "வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்று பாட்டி சொல்வார். குழந்தை அழுதுவிட்டுத் தூங்கும். அப்பா வேறு மீன் வாங்கி வருவார். அதுவும் போகும். கடைசியில் "நமக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டி மொட்டை மாடிக்குப் போய், அதில் கற்றாழை வளரும்.

அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய நான் வரவில்லை. அழுகிற குழந்தைக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்குள் ஒரு கேள்வி அமுங்கிப் போகிறது: மீன் எதனால் செத்தது? இதற்குச் சரியான விடை கிடைக்க உலகத்துக்கு ஏறக்குறைய அறுபது வருஷம் பிடித்தது. அந்தக் கதையில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கு பெரியது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் என் பேச்சில் அந்தப் பக்கம் கொஞ்சம் பாசம் கூடுதலாகத் தெரிந்தால், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு தையற்காரப் பெண். ழான் வில்புரோ, 1794-ல் பிரான்சின் ஜூயாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரீசுக்கு வந்து உடை தைக்கும் வேலையில் சேர்ந்து, 1816-ல் ஓர் இளவரசியின் கல்யாண உடுப்புக்குப் பூவேலை செய்யும் அளவுக்கு உயர்ந்தார். பிறகு பவர் என்ற வியாபாரியை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரத்தில் குடியேறினார். ஓட்டுக்குள் வாழும் ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை அந்தக் கடலில் உண்டு. அந்த ஓட்டை அதுவே செய்துகொள்கிறதா, வேறு பிராணியிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்று பண்டிதர்கள் வெகுகாலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்த பிராணியை மேஜையில் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. அந்த அம்மாள் 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டிகள் செய்வித்து, ஆர்கோனாட்டை உயிரோடு வைத்துப் பார்த்தார். ஓட்டை அதுவேதான் செய்கிறது என்று நிரூபித்தார். நீர்வாழ் உயிர்களை ஆராய்வதற்குக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்த முன்னோடி என்று இன்றைக்கு அவரைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது லண்டன். ராபர்ட் வாரிங்டன் ஒரு ரசாயன நிபுணர். 1850-ல் அவர் ஒரு பரிசோதனையை எழுதி வெளியிட்டார். ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நாடா போன்ற நீர்ச்செடி. கொஞ்ச நாளில் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது, மீன்கள் வாழ்ந்தன. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்கிறது, குப்பையை நத்தை பார்த்துக்கொள்கிறது என்றார்.

1845-ல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீங்கிக் கண்ணாடி மலிந்திருந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு வீடு திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்தது. வசதியானவர்கள் வீடுதோறும் தொட்டி. ஆனால் வாரிங்டன் சொன்ன கணக்கு சரியாக இருந்தும் பல வீடுகளில் மீன் செத்தது. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

அந்த வரியைக் கண்டுபிடித்தவர்கள் மீனைப் பற்றி நினைக்கவே இல்லை. 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், சாக்கடைத் தண்ணீரை மணல் நிரப்பிய ஒரு நீண்ட குழாய் வழியாக மெல்ல இறக்கினார்கள். சுமார் இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழிவிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளியே வந்தது. குளோரோபார்ம் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. ஆகவே இது வெறும் ரசாயனம் அல்ல, மணலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் வேலை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். அவை இரண்டு கூட்டம் என்றும் காட்டினார்.

அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இது ஒரு ஃபைல் நகர்வது போலத்தான் தெரிகிறது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. அது விஷம். முதல் மேஜையிலுள்ள நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான். இரண்டாம் மேஜை அதை நைட்ரேட் ஆக்குகிறது. அது அவ்வளவு கெடுதல் இல்லை. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதியை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். புதுத் தொட்டியில் இரண்டு மேஜையும் காலி. ஆள் வந்து உட்கார மூன்று நாலு வாரமாவது ஆகும். அதற்குள் ஆறு மீனை விட்டால் தபால் குவிகிறது, மீன் சாகிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் பழி திருஷ்டி மேல் விழுகிறது.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டத்தின்படி, 1909 அக்டோபர் 21 அன்று மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தது. இந்தியாவில் அதுவே முதல். தர்ஸ்டனின் தென்னிந்திய ஜாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே வருஷம்தான். 1919-ல் அது மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் மூடினார்கள். பிற்பாடு அதே கடற்கரையில் இருந்த சிறிய காட்சிசாலையை நம் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று கலர் மீன் என்றால் கொளத்தூர். வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஏஞ்சல் என்று வளர்த்து வெளியூர்களுக்கும் அனுப்புகிறார்கள்.

பிரெஞ்சில் தங்கமீனுக்குப் பெயர் 'புவாசோன் ரூழ்', அதாவது சிவப்பு மீன். அதை வைக்கும் உருண்டைக் கிண்ணம் 'பொக்கால்'. பார்க்க அழகு, ஆனால் வாய் குறுகியது, காற்று படும் பரப்பு குறைவு, மேஜை போட்டு ஆள் உட்கார இடமும் இல்லை. 2005-ல் ரோம் நகராட்சி அந்தக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதைத் தடையே செய்துவிட்டது. சின்ன இடம்தான் என்றால் ஃபைட்டர் மீன் ஒன்று போதும். நம் ஏரி விரால், பனையேறிக் கெண்டை போல அதுவும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் ஜாதி. 1869-ல் சீனாவிலிருந்து பாரீசுக்குப் போன சொர்க்கமீனும் இந்த வகையே. கார்போனியே என்பவர் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்கே போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வருகின்றன. குளோரின் கலந்த தண்ணீரை ஒரு நாளாவது வாளியில் திறந்து வைத்துப் பிறகு விடுங்கள். முதலில் இரண்டு சின்ன மீன் மட்டும். ஏற்கெனவே ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஷ்லோசிங் ஊற்றிய தோட்டத்து மண் அதுதான். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவே தீனி. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

முக்கியமானது ஒன்று. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் பளபளவென்று கழுவுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குளோரோபார்ம் செய்த வேலையைத்தான் அந்தக் குழாய்த் தண்ணீரின் குளோரினும் செய்கிறது. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள். கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

மின்சாரம் போனாலும் பயப்பட வேண்டாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் தீனியை நிறுத்திவிட்டு, மணிக்கொரு தரம் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இரவில் மருமகள் முறை. விழுகிற தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

அடுத்த முறை பேரனோ பேத்தியோ செத்த மீனைக் காட்டி "ஏன் தாத்தா?" என்று கேட்டால், திருஷ்டிக் கதையைச் சொல்வதானாலும் சொல்லுங்கள். கூடவே அந்த இரண்டு மேஜைக் கதையையும் சொல்லிவிடுங்கள். அடுத்து வாங்குகிற மீனாவது பிழைக்கும்.