படப்பெட்டி வந்த பாதை: காரைக்கால் வட்டாரத்தின் திரைப்படம் பார்க்கும் வழக்கம்

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆயினும் கடற்புறம் தவிர மற்றெல்லாப் புறமும் பழைய தஞ்சை மாவட்டமே சூழ்ந்திருந்ததால், அதன் திரைப்பட வழக்கம் அந்த மாவட்டத்தின் வழக்கத்தோடு இணைந்தே வளர்ந்தது. இந்த வட்டாரத்து ரசிகர் எந்தப் படத்தை எப்போது பார்த்தார் என்பதைப் படம் தயாரிக்கப்பட்ட ஆண்டைவிட, படச்சுருள்கள் அடங்கிய தகரப்பெட்டி ஊருக்கு வந்து சேர்ந்த நாளே முடிவு செய்தது.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலுக்கு வழி திறந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே பணியில் இருந்த அவர், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படமெறி கருவியையும் இயேசுவின் வரலாற்றைக் கூறும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக் கூடாரக் காட்சிகளைத் தொடங்கினார். கருவியை விற்றவர் பிரெஞ்சுக்காரர் என்றாலும், வாங்கியவர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர். கூடாரத் தொழில் கிளைத்த இடமும் ஆங்கிலேயர் ஆண்ட திருச்சியே. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இலேயே ரயில் வந்துவிட்டமையால், கருவியோ கூடாரமோ வந்து சேர்வதற்கான பாதை முன்பே ஆயத்தமாக இருந்தது எனலாம்.

பேசும் படம் வந்தபின் இத்தொழில் டூரிங் டாக்கீஸ் எனப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று, அது முடிந்ததும் வேற்றூருக்குப் பெயரும் கொட்டகை என்பது இதன் பொருள். பகலில் துணிக்கூரை வெளிச்சத்தைத் தடுக்காது என்பதால் பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டமும், அதன் பின் இரண்டாம் ஆட்டமும் நடந்தன. தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர, பின்னாலிருப்பவர் தலை மறைக்கிறது என்று சண்டைக்கு வருவதும், பெஞ்சுக்காரர் அதை வேடிக்கை பார்ப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன. பல கொட்டகைகளில் ஒரே கருவிதான் இருந்தது; ஏறக்குறைய 1,000 அடி நீளமுள்ள ஒரு சுருள் பதினொரு நிமிடமே ஓடும் என்பதால், சுருள்களை இணைத்து ஓட்டினாலும் ஆபரேட்டர் மாற்றிப் பொருத்தும்வரை இரண்டு மூன்று இடைவேளைகள் விட்டே ஆகவேண்டியிருந்தது.

பிரதிகள் சிலவே எடுக்கப்பட்டதால், பெருநகரத்தில் ஓடித் தேய்ந்த பிரதியே சிற்றூருக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இறக்குமதிக் கச்சாப் பிலிம் அருகிப் போக, படத்தின் நீளத்துக்கு 11,000 அடி என்று அரசு வரம்பு விதித்தது. அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இவ்வூர்ச் சிவனடியாரான காரைக்காலம்மையாரின் கதை முதன்முதலாகப் படமாகி வெளிவந்த 1943ஆம் ஆண்டு இந்த நெருக்கடிக் காலத்தைச் சேர்ந்தது. தணிக்கைக்கு வழிசெய்த 1918ஆம் ஆண்டின் சினிமாச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமே உரியது, பிரெஞ்சு எல்லைக்குள் செல்லுபடியாகாது. ஆனால் வந்த தமிழ்ப் பிரதிகள் சென்னையில் கத்தரிக்கப்பட்டவையாகவே இருந்திருக்கும் என்பதால், அந்தச் சுதந்திரத்தால் பார்வையாளருக்குப் பெரிதும் பயன் விளைந்திருக்க முடியாது.

1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஏறக்குறைய ஒதுக்கியபோது, கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி அவற்றை அள்ளி வழங்கியது. பாடல் முதலில் காதுக்கு வர, படம் மாதக்கணக்கில் தாமதித்து வந்ததால், கரையோர ரசிகர் கொட்டகைக்குள் நுழையும்போதே பாட்டை முழுதும் அறிந்தவராக இருந்தார். புதுமையைத் தேடுவதைவிட, கேட்டதைக் கண்ணால் சரிபார்ப்பதே அவரது ரசனையாயிற்று.

ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘காரைக்கால் அம்மையார்’ 1973இல் வந்தபோது இந்த ரசனைக்கு அதைவிடப் பொருத்தமான படம் வேறில்லை. ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா கண்டு, பிச்சாண்டவர் உலாவின்போது மாங்கனிகள் இறைக்கப்படுவதை நேரில் பார்க்கும் ஊருக்கு, கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்த புனிதவதியின் கதையில் அடுத்தது என்ன என்ற திகைப்பு இருக்க இடமில்லை. இளம் புனிதவதியாக லட்சுமியும், அவரே பின்னாளில் பேயுருப் பெற்று ஆன காரைக்கால் அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தனர். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்திலும், 1953இல் ஔவையாராகவும் தோன்றிய சுந்தராம்பாளின் குரலுக்காகவே இத்தகைய பக்திப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் பலர். திருவிழாக் காலங்களில் கொட்டகைக்காரர்கள் பழைய பக்திப் படங்களை மறுபடி வரவழைத்து ஓட்டியதற்குப் பக்தியோடு இந்தக் கணக்கும் காரணம். வாடகை குறைந்த பழைய பிரதிக்கும் தரை டிக்கெட் நிறைந்துவிடும்.