கலீனாக் கல்லின் வமிசம்

கல்கத்தாவில் குடியேறிய தமிழன்பர்களுள், காலேஜ் தெருவில் நின்று பழைய புத்தகங்களுக்குப் பேரம் பேசாதவர் அரியர். அத்தெருவிலுள்ள பிரெசிடென்சி கல்லூரியிலேதான், 1894-ஆம் ஆண்டு முதல், ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். அவர் கையாண்ட ஒரு கனிமத்தின் வமிசம், வெப்பக் கதிர்களையும் டெராஹெர்ட்ஸ் அலைகளையும் பிடிக்கும் கருவிகளுக்காக இன்று ஆராயப்படுகிறது.

ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் தோற்றுவித்த அலைகள் நீண்டவை. அவற்றுள் குறுகியனவும் அரை மீட்டருக்கு மேற்பட்டவையே. போஸ் அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். அலை குறுகினால் கருவியும் குறுகும். ஒளியை ஆராய்வது போல மேசை மீதே அதனை ஆராயலாம். அலை அதிரும் தளத்தைப் பிரித்தறிய அவருக்கு உதவியது, ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள் செருகிய பிராட்ஷா ரெயில்வே அட்டவணை! அத்தளத்தைத் திருப்ப உதவியது முறுக்கிய சணல். வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்? 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் தம் ஆராய்ச்சியை விளக்கினார்.

கம்பியில்லாத் தந்தியின் புகழ் மார்க்கோனிக்குப் போயிற்றே என்று நம்மவர் வருந்துவதுண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது கலீனாவின் கதை. கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதன் மீது உலோக முனையைத் தொடவைத்து மின்னலைகளை மட்டுமன்றி ஒளியையும் உணரும் கருவியொன்றைப் போஸ் அமைத்தார். காப்புரிமையில் நாட்டமில்லாத அவர், நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904-ல் உரிமை கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரையொட்டி, இதே ஈய ஸல்பைடைக் கொண்டு ஜெர்மானியர் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் கருவிகளைச் செய்தனர். எனினும் அது சுமார் 3 மைக்ரான் அலைநீளத்தோடு நின்றுவிடுகிறது. காரணம் யாதெனில், கதிரை உணரவேண்டுமாயின் அதன் ஆற்றலைக் கொண்டு எலக்ட்ரான் ஓர் இடைவெளியைத் தாண்டவேண்டும். அலை நீளநீள ஆற்றல் குறையும். ஒரு டெராஹெர்ட்ஸ் அலைத்துகளின் ஆற்றலைப் போலச் சுமார் 270 மடங்கு பெரியது சிலிக்கானின் இடைவெளி.

ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தையும், கந்தகத்துக்குப் பதில் டெலூரியத்தையும் வைத்தால் என்னாகும்? அணுக்களின் அடுக்கு மாறுவதில்லை; நம் சமையலறைக் கல்லுப்பின் அடுக்கே அது. ஆனால் ஈய டெலூரைடில் வெள்ளீயத்தைக் கூட்டக் கூட்ட இடைவெளி சுருங்கி, மறைந்து, பின்பு தலைகீழாகத் திறக்கிறது. உளுந்து வடையைக் கிழிக்காமல், துளையை மூடாமல், அடையாக்க முடியாதல்லவா? இத்தகைய மாறாத தன்மைகளைக் கூறும் கணிதமே டோபாலஜி. தலைகீழான இப்படிகத்தின் சில பரப்புகளில் இடைவெளியற்ற மின்பாதை இருந்தே தீரும் என்று 2012-ல் அமெரிக்க அறிஞர்கள் கணித்தனர். ஜப்பான், போலந்து முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் அதே ஆண்டில் கண்டும் காட்டினர்.

இடைவெளியில்லாத பரப்பு மிகச் சிறிய ஆற்றலையும் ஏற்கும் என்பதே கருவி செய்வோரின் ஆவல். முட்டுக்கட்டை உள்ளே இருக்கிறது. வெள்ளீய டெலூரைடில் வெள்ளீய அணுக்கள் பல தம் இடத்தில் இராமையால், மின்சாரம் உட்புறத்திலும் தாராளமாக ஓடிப் பரப்பின் குரலை அமுக்கிவிடுகிறது. ஆகவே, உட்புறத்தின் பங்கு குறையுமாறு, அப்பொருளை மிக மெல்லிய படலமாக வளர்த்து ஆராய்ந்து வருகின்றனர்.