கொடுமணல் பாசியும் செராய் கடலும்

எங்க ஊரு பெருந்துறை. பேரைக் கேட்டா ஏதோ கப்பல் வந்து நிக்கிற ஊருன்னு தோணும். வந்து பார்த்தீங்கன்னா பஸ் ஸ்டாண்டும் சிப்காட்டும்தான். (மாணிக்கவாசகரோட திருப்பெருந்துறை இது இல்லீங்க, அது ஆவுடையார்கோயில். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாயிருச்சு.) கடல் பார்க்கணும்னா சுமார் 250 கிலோமீட்டர் வண்டி ஓட்டணும்.

பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் தங்கமணி கறாரா சொல்லிட்டாங்க. "ஏனுங்க, இந்த வாட்டியாச்சும் படி ஏறாத ஊருக்குப் போலாமுங்க." சரின்னு ஒரு சனி ஞாயிறு கேரளா பக்கம் செராய் பீச். அம்மாவும் கூட வந்தாங்க. எழுபது தாண்டியாச்சு, ராமேஸ்வரத்துல ஒரே ஒரு தடவைதான் கடலைப் பார்த்திருக்காங்க.

விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பி அவிநாசி, கோவை, வாளையார், பாலக்காடு. குதிரான்ல முன்னெல்லாம் லாரிக்குப் பின்னாடி நின்னு நின்னே பாதி நாள் போயிரும். 2021, 2022ல ரெண்டு சுரங்கமும் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. திருச்சூர், கொடுங்கல்லூர் தாண்டி காலை டிபன் நேரம் முடியறதுக்குள்ள செராய். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல். பையன் தண்ணியை விட்டு வெளிய வரவே இல்லை. அம்மா சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிட்டு அலையில நின்னுட்டு, "இவ்வளவு தண்ணி இருந்து ஒரு ஏக்கருக்குப் பாயலையே"ன்னாங்க. கொங்குக்காரி! :-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாங்க கால் நனைச்ச அந்தக் கரைக்கே வயசு ரொம்பக் கம்மின்னு சொல்றாங்க. 1341ல பெரியாத்துல வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்துட்டு கொச்சியில புது வாய் திறந்துச்சாம். செராய் இருக்கிற வைப்பின் தீவே அந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்ணுதான்கிறது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த வருஷத்துல இருந்து எண்ற 'புதுவைப்பு' ஆண்டுக் கணக்கே ஒண்ணு இருந்திருக்கு. அப்போ அதுக்கு முன்னாடி கப்பல் எங்க வந்துச்சு?

ஞாயித்துக்கிழமை காலைல அதைப் பார்க்கத்தான் எல்லாரையும் இழுத்துட்டுப் போனேன். ("படி ஏறாத ஊருன்னு சொன்னேன், பாடம் நடத்தாத ஊருன்னு சொல்ல மறந்துட்டேன்" - தங்கமணி.) வடக்கு பறவூர் பக்கத்துல பட்டணம்னு ஒரு கிராமம். கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007ல இருந்து சில வருஷம் இங்க தோண்டுச்சு. ரோமானிய ஆம்போரா ஜாடி ஓடுகள், செங்கல் கட்டி எழுப்பின படகுத்துறை, சேத்துல புதைஞ்ச மரத்தோணி, அப்புறம் குவியல் குவியலா பாசிமணி. இதுதான் முசிறின்னு ஒரு கட்சி, இல்லைன்னு ஒரு கட்சி. அந்தச் சண்டை இன்னும் ஓயலை. எனக்கென்னவோ பேரை விட அந்தப் பாசி மேலதான் கண்ணு. ஏன்னா அதுல பச்சைக்கல்லும் இருக்கு. பெரில்னு சொல்றாங்களே, அதுதான்.

பச்சைக்கல் எங்க விளைஞ்சது? காங்கயம் பக்கத்துல படியூர்ல. 1819-20 வாக்குல வெள்ளைக்காரன் கூட அங்க சுரங்கம் வெட்டியிருக்கான். அதைப் பட்டை தீட்டி, துளை போட்டுப் பாசி ஆக்குன ஊரு கொடுமணல். நொய்யல் வடகரையில, எங்க பெருந்துறை தாலுக்காவிலேயே, சென்னிமலைக்கு மேக்கால இருக்குது. 1961லேயே இது ஆய்வாளர்கள் கவனத்துக்கு வந்துருச்சு. 1985ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டுச்சு, எ.சுப்பராயலு, கா.ராஜன் எல்லாம் முன்னால நின்னாங்க. இரும்பு உருக்குன உலை, தமிழ் பிராமி எழுத்து கீறின ஓடு, ஒரே ஈமக்குழியில ரெண்டாயிரத்துக்கும் மேல சூதுபவளப் பாசி. கல்லு மட்டும் உள்ளூர்ச் சரக்கு இல்லை. சூதுபவளம் குஜராத் பக்கத்துல இருந்து, லாபிஸ் ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்திருக்கு. வேலைப்பாடு நம்மளது.

பதிற்றுப்பத்துல கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணத்து அணிகலனையும் பந்தர்ங்கிற ஊரோட முத்தையும் சேர்த்தே பாடியிருக்காங்க. உள்நாட்டுச் சரக்கையும் கடல் சரக்கையும் ஒரே மூச்சுல! இடையில இருந்த வழி நொய்யல் ஓரமா வெள்ளலூர், அப்புறம் பாலக்காட்டுக் கணவாய். வெள்ளலூர்ல 1842ல மட்டும் ஐந்நூறுக்கு மேல ரோமானிய வெள்ளிக்காசு கிடைச்சுது, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டது. அதாவது நான் டோல் கட்டிட்டு வந்த அதே வழி. என்ன, அவங்களுக்குப் பொதிமாடு, எனக்கு டீசல்.

ரோமாபுரி பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டு ஆளு, பெரில் பத்தி எழுதறப்ப ஒண்ணு சொல்றார். தெளிஞ்ச கடலோட பச்சை நிறத்துல இருக்கறதுதான் உசத்தியாம். அந்தக் கல்லுல நீலம் ஓடுற வகைக்கு அக்வாமரின்னு பேரு, லத்தீன்ல கடல்தண்ணின்னு அர்த்தம். கடலே இல்லாத எங்க வறக்காட்டுக்குள்ள இருந்து, கடல் நிறத்துல ஒரு கல்லை எடுத்து, கடல் தாண்டி அனுப்பியிருக்காங்க.

பட்டணத்துல பார்க்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லீங்க. தென்னந்தோப்பு, வீடுகள், அவ்வளவுதான். பசங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. குடிக்கத் தண்ணி கேட்டு ஒரு வீட்டு வாசல்ல நின்னோம். அம்மா வயசுல ஒரு பாட்டி. அவங்க மலையாளத்துல, எங்கம்மா கொங்குத் தமிழ்ல, ரெண்டு பேரும் என்னமோ பேசிட்டே இருந்தாங்க. மழை பேஞ்சா முத்தத்துல சின்னச் சின்னதாக் கல்லுமணி மேல வரும், நாங்க குழந்தையில பொறுக்கி விளையாடுவோம்னு அந்தப் பாட்டி கையைக் காட்டிச் சொன்னாங்க.

அம்மா சட்டுனு, "எங்க காட்டுலயும் அப்படித்தானுங்க!"ன்னாங்க.

நான் அப்படியே நின்னுட்டேன். அம்மா பொறந்த ஊரு கொடுமணலை ஒட்டித்தான். நானும் லீவுக்கு அமிச்சி வீட்டுக்குப் போறப்ப உழவு ஓட்டுன காட்டுல சிவப்பும் பச்சையுமா பொறுக்கியிருக்கேன். அது என்னன்னு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. ராஜன் புத்தகமெல்லாம் படிச்சு, 250 கிலோமீட்டர் வந்து விளக்கம் குடுத்துட்டு இருக்கேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திரும்பி வர்றப்ப வாளையார் தாண்டுன பிறகு பொண்ணு ஆரம்பிச்சுது.

"ஆத்தா, அந்தப் பாசியெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்க வெக்கிறது கண்ணு. நூல்ல கோத்து ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டி வுட்டுட்டோம்."

"ஆடு?"

"அதைச் சந்தையில வித்தாச்சு."