ஆயா சோபியாவின் சுவர்கள்



வெளிநாடு செல்வோர் காலையிலே பேராலயம் ஒன்றையும் மாலையிலே நூதனசாலை ஒன்றையும் கண்டு திரும்புவது வழக்கம். முன்னையது வழிபடுவோர்க்கு உரியது. பின்னையது பார்ப்போர்க்கு உரியது. இவ்விருவரும் ஒரே கட்டடத்துக்கு உரிமை கோரும் இடம் ஒன்று துருக்கியில், இஸ்தான்புல் நகரில் உண்டு. அதுவே ஆயா சோபியா. 2024ஆம் ஆண்டில் அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

532ஆம் ஆண்டுக் கலகத்திலே பழைய தேவாலயம் எரிந்தழிய, யஸ்தீனியப் பேரரசன் புதியதொன்றைத் தொடங்கி, ஆறாண்டு நிரம்புமுன் 537இல் முடித்தான். அதனை வகுத்த அந்தேமியசும் இசிதோரும் கேத்திரகணித வல்லுநர். ஏறத்தாழ நூறடி அகலமுள்ள கவிமாடத்தின் அடியில் நாற்பது சாளரங்களை அமைத்தனர். ஒளி புகும்போது மாடம் தாங்குவாரின்றி மிதப்பதுபோலத் தோன்றும். ஆயினும் நிலநடுக்கங்களால் நலிந்த அம்மாடம் 558இல் இடிந்து வீழ்ந்தது. இளைய இசிதோர் அதனை மேலும் உயர்த்திக் கட்டினார். கணிதம் வல்லார்க்கும் கணக்குப் பிழைப்பதுண்டு என்று என் மாணாக்கர்க்கு இதனைக் கூறுவேன்.

இவ்வாலயத்துக்குப் பெருங்கேடு செய்தோர் பிற சமயத்தார் என்று பலர் எண்ணுவர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1204இல் இதனைச் சூறையாடியவர்கள் சிலுவைப் போர் வீரர்களாகிய கிறிஸ்தவர்களே. அந்நகரின் தேரோட்ட அரங்கிலிருந்து அவர்கள் கொண்டுசென்ற நான்கு வெண்கலக் குதிரைகளை வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தின் நூதனசாலையிலே இன்றும் காணலாம். காண்போர் வியக்கின்றனர், அவை வந்த வழியை வினவுவோர் சிலரே. அப்படையெடுப்பை நடத்திய வெனிசின் தலைவன் தந்தோலோவின் பெயர் பொறித்த கல்லொன்று ஆயா சோபியாவின் மேல்மாடத் தரையிற் கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பதித்த கல் அது. அதனை மிதித்துச் செல்வோரே பலர்.

1453இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் மெகமது இதனைப் பள்ளிவாசலாக்கினான். சிறு கண்ணாடித் துண்டுகளையும் கற்களையும் பதித்து ஆக்கிய திருவுருவங்கள் காலப்போக்கிற் சுண்ணச்சாந்தினால் மூடப்பட்டன. இதனை அழிவு என்றே நானும் கற்பித்து வந்தேன். ஆனால், மூடிய சாந்தே பல ஓவியங்களுக்குக் கவசமாயிற்று. 1847 முதல் 1849 வரை திருத்தப்பணி செய்த சுவிற்சர்லாந்துச் சகோதரர்களாகிய பொசாற்றிகள், சாந்தை அகற்றி ஓவியங்களை வரைந்துகொண்டு, சுல்தானின் விருப்பப்படி மீண்டும் மூடினர். 1931இல் அமெரிக்கரான விற்றிமோர் அவற்றை வெளிக்கொணரத் தொடங்கினார். 1934இல் துருக்கி அரசு இக்கட்டடத்தை நூதனசாலையாக்கத் தீர்மானிக்க, மறு ஆண்டில் அது திறக்கப்பட்டது.

2020 யூலையில் நீதிமன்றம் அத்தீர்மானத்தை நீக்கிற்று. அம்மாதம் 24ஆந் திகதி மீண்டும் தொழுகை நிகழ்ந்தது. நான் சென்றபோது கீழ்த்தளம் தொழுவோர்க்கு விடப்பட்டிருந்தது. அயல்நாட்டார் கட்டணஞ் செலுத்தி மேல்மாடத்துக்கு ஏறவேண்டும். கிழக்குப் புறத்தில் உயரே அன்னையும் குழந்தையும் உள்ள ஓவியத்தை, கீழே தொழுவோர்க்குத் தோன்றாதவாறு திரையிட்டு மறைத்திருந்தனர். நூதனசாலையாகவே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். எனினும் இம்முறை சாந்து பூசவில்லை, திரைதான் இட்டனர். திரையை விலக்க ஒருவர் கையே போதும்.

மேல்மாடத்திலே, கிறிஸ்துவின் இருபுறமும் மரியாளும் ஸ்நாபக அருளப்பரும் நின்று மாந்தர்க்காக இரந்து வேண்டும் ஓவியம் ஒன்றுண்டு. கீழ்ப்பகுதி முழுவதும் உதிர்ந்துபோயிற்று. முகங்கள் மூன்றும் எஞ்சியுள்ளன. அருளப்பரின் புருவச் சுருக்கத்திலுள்ள துயரை நான் நோக்கி நின்றவேளை, பாங்கொலி எழுந்தது. கீழே மக்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினர். மேலே இருந்த நாங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.