கோட்டை இல்லாத ஊரும் சர்வர் இல்லாத ஆட்டமும்

எங்க ஊர் பேர்ல கோட்டை இருக்கு. வெளியூர் நண்பர்கள் யார் பாளையங்கோட்டைக்கு வந்தாலும் முதல்ல கேக்குறது "கோட்டை எங்கடா?" தான். ஊமைத்துரை 1801 பிப்ரவரியில சிறையை உடைச்சு தப்பிச்சது இந்தக் கோட்டையில இருந்துதான்னு பெருமையா சொல்லுவேன். "சரி, அதைக் காட்டு"ன்னு சொன்னா முழிப்பேன். மதிலை எல்லாம் இடிச்சு ரொம்ப காலம் ஆச்சு. மிச்சம் இருக்குறது ஒண்ணு ரெண்டு துண்டுதான். பேரு மட்டும் பஸ் போர்டுல ஓடிக்கிட்டு இருக்கு.

அதே மாதிரி என் பழைய போன்ல ஒரு ஐகான் இருக்கு. தொட்டா படம் வரும், பாட்டு வரும், அப்புறம் ஒண்ணும் வராது. பப்ஜி மொபைல். (சிரிக்காதீங்க மக்களே, இன்னைக்கு கொஞ்சம் சீரியஸ் பதிவு. கொசுவத்தியும் கொஞ்சம் சுத்தும்.)

பப்ஜி மொபைல் 2018 மார்ச்சில வந்துச்சு. அப்ப நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலையைக் கீழ இறக்கி விட்டுருந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம், கன்சோல் வேண்டாம், ஒரு சாதா போன் போதும். நூறு பேர் விமானத்துல இருந்து குதிக்கணும், கடைசில நிக்கிறவனுக்கு சிக்கன் டின்னர். எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேருக்கு எராங்கல் மேப் தெரிஞ்ச அளவுக்கு கேம்பஸ் மேப் தெரியாது :-)

எங்க ஸ்குவாட்ல நாலு பேர். 2019ல படிப்பு முடிஞ்சதும் ஒருத்தன் ஓசூர் ஃபேக்டரிக்குப் போனான், ஒருத்தன் மஸ்கட் போனான், ரெண்டு பேர் சென்னையில பொட்டி தட்டப் போனோம். 2020 மார்ச்சில ஊரடங்கு வந்ததும் நான் பாளையங்கோட்டைக்கே வந்துட்டேன். பகல் பூரா ஆணி புடுங்குறது, ராத்திரி பத்து மணிக்கு "வாலே, உள்ள வா"ன்னு குரூப்ல ஒரு மெசேஜ். நாலு பேரும் லாபியில நின்னுருவோம்.

மஸ்கட்காரனோட அம்மா எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்தாங்க. அப்ப அங்க இருந்து வாட்ஸ்அப் கால் போகாது, ஐ.எஸ்.டி. போட்டா காசு. ஆனா ஆட்டத்துக்குள்ள பேசலாம்! ஒரு நாள் அத்தை வீட்டுக்கு வந்தப்ப ஹெட்போனை எடுத்து அவங்க காதுல மாட்டி விட்டேன். "ஏல, சாப்ட்டியால? ஏன் இப்படி எளச்சிட்ட?"ன்னாங்க. ஸ்கிரீன்ல தெரிஞ்சது ஹெல்மெட் போட்ட பொம்மை. அதைப் பாத்து எளச்சிட்டான்னு சொல்லுதாங்க! நாங்க மூணு பேரும் ஆட்டத்தை ஆரம்பிக்காம காத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் அது வாரத்துல ரெண்டு நாள் வழக்கமாவே ஆயிருச்சு.

2020 ஜூன்ல கல்வான் மோதல். அந்த மாசக் கடைசியில 59 செயலிகளுக்குத் தடை. செப்டம்பர் 2ல அடுத்த பட்டியல், 118 செயலிகள். நாட்டோட இறையாண்மை, பாதுகாப்புன்னு காரணம் சொல்லி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுல போட்ட உத்தரவு. அதுல பப்ஜி மொபைலும் இருந்துச்சு. கடையில இருந்து எடுத்துட்டாங்களே தவிர, ஏற்கனவே போன்ல வச்சிருந்தவங்களுக்கு ரெண்டு மாசம் ஓடுச்சு. கடைசியா அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, இந்தியாவுக்கான சேவையை டென்சென்ட் நிறுத்திடுச்சு. தடை சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல. அது வேற பஞ்சாயத்து. அந்த வெள்ளிக்கிழமை என்ன போச்சுங்கறதுதான் என் கேள்வி.

பொட்டி தட்டுறவன்ங்கறதால இதைக் கொஞ்சம் விளக்குதேன். இந்த மாதிரி ஆட்டத்துல நம்ம போன்ல இருக்குறது பாதிதான். படம், சத்தம், மேப் நம்மகிட்ட. யார் எங்க நிக்கான், குண்டு யார் மேல பட்டுச்சு, யார்கிட்ட என்ன சட்டை இருக்கு, இந்த உண்மை எல்லாம் சர்வர்கிட்ட. கேரம் போர்டு வாங்கினா கம்பெனி மூடினாலும் போர்டு வீட்டுல இருக்கும். இதுல நம்ம வீட்டுல இருக்குறது காய் மட்டும், போர்டு அடுத்தவன் வீட்டுல. அவன் கதவைச் சாத்திட்டா காயை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

இது பப்ஜியோட ஆரம்பிச்ச கதை இல்ல. 1978ல இங்கிலாந்தில எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில்னு ரெண்டு மாணவர்கள் 'மட்'னு வெறும் எழுத்தாலேயே ஒரு உலகம் கட்டினாங்க. 1986ல லூகாஸ்ஃபிலிம் 'ஹேபிடாட்'னு படம் போட்ட உலகத்தை கமோடோர் 64ல சோதனைக்கு விட்டுச்சு, 1988ல மூடியாச்சு. அப்புறம் இது ஒரு வழக்கமாவே ஆச்சு. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2011 டிசம்பர் 15ல போச்சு. சின்னப் பிள்ளைங்களோட கிளப் பெங்குயின் 2017 மார்ச்சில. எங்க அக்கா நெட் சென்டர்ல மணிக்கணக்கா தண்ணி ஊத்தின ஃபார்ம்வில் 2009ல வந்து 2020 டிசம்பர் 31ல போச்சு. அது ஓடிக்கிட்டிருந்த ஃப்ளாஷுக்கும் அன்னைக்கே கடைசி நாள். கான்கார்ட்னு ஒரு ஆட்டம் 2024 ஆகஸ்ட் 23ல வந்து செப்டம்பர் 6ல மூடுச்சு. பதினாலே நாள்! எங்க ஊர்ல பொருட்காட்சியே அதை விட அதிக நாள் நடக்கும்.

போனதெல்லாம் போனதுதானான்னா, அதுவும் இல்ல. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30ல மூடுச்சு. ரசிகர்கள் சிலர் ரகசியமா ஒரு சர்வர் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தது 2019ல வெளிய வந்துச்சு. வழக்கு போடுவாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. என்சிசாஃப்ட் 2024 ஜனவரியில அந்த ரசிகர் குழுவுக்கே முறைப்படி உரிமம் குடுத்துச்சு. ஹேபிடாட்டையும் பழைய மூல நிரல் கிடைச்சதால மறுபடி ஓட வச்சிருக்காங்க. ஆக, தொழில்நுட்பம் தடை இல்ல. மனசும் உரிமையும்தான் தடை.

2024 மார்ச் 31ல 'தி க்ரூ'ங்கற கார் பந்தய ஆட்டத்தோட சர்வரை யூபிசாஃப்ட் அணைச்சுது. காசு குடுத்து வாங்கினவங்களும் அதுக்கு மேல ஆட முடியல. அதைப் பாத்து கொதிச்ச ராஸ் ஸ்காட்ங்கறவர் ஒரு இயக்கம் தொடங்கினார். "சர்வரை எப்பவும் ஓட்டிக்கிட்டே இருன்னு கேக்கல, மூடும்போது எங்களால ஓட்ட முடியற மாதிரி விட்டுட்டுப் போ"ங்கறதுதான் அவங்க கோரிக்கையோட சாரம். 2025 ஜூலையில ஐரோப்பிய ஒன்றியத்துல அதுக்கு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிருச்சு. 2025ல நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம் இன்னொண்ணு சொல்லுது: நீ விக்கிறது பொருள் இல்ல, உரிமம்தான்னா அதை வாங்குறவன்கிட்ட தெளிவா சொல்லு.

"கேம்தானே, இதுக்கு ஏன்டே இவ்வளவு அலட்டல்?"னு அண்ணாச்சிமார் யாராவது கேப்பீங்க. ஒரு பழைய கதை சொல்லுதேன். உ.வே.சா. ஏடு தேடி நம்ம திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அலைஞ்சவர். அப்படி அலைஞ்சுதான் 1889ல பத்துப்பாட்டு அச்சுல வந்துச்சு. அவரே கரிவலம்வந்தநல்லூருக்குப் போனப்ப, கோயில்ல இருந்த பழைய ஏடுகளை எல்லாம் ஆகமப்படி நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு சொல்லியிருக்காங்க. என் சரித்திரத்துல வேதனையோட எழுதியிருக்கார். போட்டவங்க கெட்டவங்க இல்ல. அவங்களுக்கு அது பழுதான ஓலை, அவ்வளவுதான். பத்துப்பாட்டும் பப்ஜியும் ஒண்ணுன்னு சொல்ல வரல (அடிக்க வராதீங்க!). ஆனா ஒண்ணு கவனிங்க. ஏடு நாலு வீட்டுல பிரதி இருந்ததால ஒரு வீட்டுல எரிஞ்சாலும் இன்னொரு வீட்டுல கிடைச்சுது. சர்வருக்கு ரெண்டாவது வீடு கிடையாது. எது ஓலை, எது இலக்கியம்னு முடிவு பண்றதும் சாவியை வச்சிருக்கவன்தான்.

இங்கயும் ஒரு மறுபிறவி நடந்துச்சு. 2021 ஜூலை 2ல க்ராஃப்டன் பி.ஜி.எம்.ஐ.ன்னு இந்தியாவுக்குத் தனியா கொண்டு வந்தாங்க. பழைய கணக்குல இருந்ததை மாத்திக்கவும் வழி இருந்துச்சு. என் சட்டை வந்துச்சு, துப்பாக்கிக்கு அடிச்ச பெயிண்ட் வந்துச்சு. மஸ்கட்காரன் வரல. இது இந்தியாவுக்குள்ள மட்டும்தானே. அவன் பழைய ஆட்டத்துல, நாங்க புது ஆட்டத்துல. பத்து மணிக்கு மூணு பேர் கொஞ்ச நாள் ஆடினோம். அப்புறம் ரெண்டு பேர். அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடல. சண்டை ஒண்ணும் இல்ல, சும்மா நின்னு போச்சு.

அத்தை 2022ல தவறிட்டாங்க. போன வருஷம் லீவுல வந்த அவன்கூட வ.உ.சி. மைதானத்துப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு கேட்டான், "ஏல, நீ சாஃப்ட்வேர்லதானே இருக்க... அன்னைக்கு லாபியில அம்மா பேசினது எல்லாம் எங்கயாவது சர்வர்ல இருக்குமா?"

இருக்காதுன்னு சொன்னேன். பேச்சு சர்வர் வழியா போகும், தங்காது. சர்வர் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருந்தாக்கூட அந்தக் குரல் இருக்காது. அவன் "ம்"னு சொல்லிட்டு டீயைக் குடிச்சான்.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. சர்வரைக் காப்பாத்தினா மைதானம்தான் மிஞ்சும், அன்னைக்கு ஆடின ஆட்டம் மிஞ்சாது. ஆனா மைதானம் இருந்திருந்தா நாங்க நாலு பேரும் இன்னும் கொஞ்ச நாள் அங்க நின்னிருப்போம். அத்தையும் இன்னும் நாலு தடவை பேசியிருப்பாங்க. ராஸ் ஸ்காட் கேக்குறதுக்கு நான் கை தூக்குறது இதுக்காகத்தான்.

சட்டம் வர்ற வரைக்கும் நம்மால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. இப்ப ஆடிக்கிட்டு இருக்குற ஆட்டத்துல ஒரு ராத்திரியையாவது ஸ்கிரீன் ரெக்கார்டு பண்ணி வைங்க, மைக் ஆன்ல. ஜெயிச்ச ஆட்டமா இருக்கணும்னு அவசியம் இல்ல. சும்மா லாபியில நின்னு வெட்டியா பேசிக்கிட்டு இருக்குறது போதும்.

என்கிட்ட ஜெயிச்ச ஸ்கிரீன்ஷாட் நாப்பது இருக்கு. லாபி ஒண்ணுகூட இல்ல.