அனுமான வாரிசு

ஆங்கிலத்தில் ‘பிரிசம்ப்டிவ்’ என்னும் பெயரடை, மாறான சான்று கிடைக்கும்வரை உண்மையென ஏற்கப்படுவதைக் குறிக்கும். முன்பே எடுத்துக்கொள்ளுதல் என்று பொருள்படும் ‘பிரேசூமெரே’ என்ற லத்தீன் வினையே அதன் வேர். சட்டமும் மருத்துவமும் அச்சொல்லை ஆள்கின்றன. ஆனால் அதன் முழுக் கனத்தையும் காட்டுவது பிரிட்டனின் அரசுரிமை வழக்கம்தான்.

2015 வரை மன்னரின் மூத்த மகனே அங்கே உறுதி வாரிசாக இருந்தான். பின்னால் பிறக்கும் எவரும் அவனுடைய உரிமையைப் பறிக்க முடியாது. மகன் இல்லாதபோது வரிசையில் அடுத்து நின்றவர் ‘பிரிசம்ப்டிவ்’, அதாவது அனுமான வாரிசு. ஒரு குழந்தை பிறந்தாலே அவர் பின்தள்ளப்படலாம்.

நான்காம் வில்லியம் 1830இல் அரியணை ஏறியபோது, அவருடைய தம்பி மகள் விக்டோரியா இந்நிலையை அடைந்தார். 1837 ஜூன் 20 அன்று மன்னர் இறந்தார். அரசி அடிலெய்டுக்கு அப்போது 44 வயது. அவர் கருவுற்றிருக்கக்கூடும் என்ற வாய்ப்பைக்கூடச் சட்டம் விட்டுவிடவில்லை. 1830ஆம் ஆண்டின் ஆட்சிப்பொறுப்புச் சட்டம் அதற்கு வழி வகுத்திருந்தது. அதனால், மறைந்த மன்னருக்குப் பிறக்கக்கூடிய குழந்தையின் உரிமைக்குக் கட்டுப்பட்டே விக்டோரியா அரசியாக அறிவிக்கப்பட்டார். வேறு எந்தப் பிரிட்டிஷ் நிகழ்விலும் ஓர் அனுமானம் இவ்வளவு வெளிப்படையாக ஆவணத்தில் ஏறியதில்லை எனலாம். குழந்தை பிறக்கவில்லை, அரசுரிமை நிலைத்தது.

இரண்டாம் எலிசபெத்தும் 1936 முதல் 1952 வரை அனுமான வாரிசாகவே இருந்தார். 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்தவர்களிடையே ஆணுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கியது.